மருந்து வாங்கப் போயிருந்தாக

வக்கீல் ஆபீஸ் இருந்த தெரு முழுக்க மிளகாய் வத்தல் கமிஷன் கடைகள். மூட்டை இறங்குகிற நாட்களில் விருதுநகரில் அந்தப் பக்கம் காற்றே காரமாக இருக்கும். பழகிய மூக்குக்கு ஒன்றும் தெரியாது. அவள் முதல் நாள் தும்மிக்கொண்டே மாடிப்படி ஏறி வந்தாள். இரண்டு தும்மலுக்கு நடுவில் கிடைத்த இடைவெளியில் "குட் மார்னிங் சார்" என்றாள். சீனியர் வாய்விட்டுச் சிரித்தார். நான் அங்கே சேர்ந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. அந்த ஒரு வாரத்தில் அவர் முகத்தில் மருந்துக்குக்கூட நான் சிரிப்பைப் பார்க்கவில்லை. ஒரு தும்மலில் வாங்கிவிட்டாளே என்று அப்போதே எனக்கு வயிறு எரிந்தது.

இரண்டு பேரும் சட்டப் படிப்பில் கடைசி வருடத்துக்குள் நுழைய இருந்தவர்கள். நான் அரசுக் கல்லூரி. அவள் சென்னையில் கண்ணாடிக் கட்டடம் வைத்த ஒரு தனியார் பல்கலைக்கழகம். அதிலும் குற்றவியலைச் சிறப்புப் பாடமாக எடுத்திருந்தாள். அவளுடைய அப்பா ரயில்வேயில் அதிகாரி. மாற்றலில் விருதுநகர் ஜங்ஷனுக்கு வந்திருந்தார். லீவுக்கு அப்பா அம்மாவிடம் வந்தவள், சும்மா இருப்பானேன் என்று எங்கள் சீனியரிடம் இன்டர்ன்ஷிப் கேட்டு வந்துவிட்டாள். சும்மா இருப்பானேன்! நான் அந்த இடத்துக்காக அவருடைய குமாஸ்தாவுக்குப் போன் மேல் போன் போட்டு, அவர் கோர்ட்டிலிருந்து வெளியே வரும்போதெல்லாம் வேப்பமரத்தடியில் நின்று வணக்கம் போட்டு வாங்கியிருந்தேன்.

அவளுக்கு அது இன்னொரு சான்றிதழ். ஏற்கனவே சென்னையில் ஒரு பெரிய கம்பெனியின் சட்டப் பிரிவு, டெல்லியில் ஏதோ ஒரு தொண்டு நிறுவனம், சிறைக் கைதிகளைப் பற்றி ஒரு ஆராய்ச்சி என்று சி.வி. நிறையக் குவித்து வைத்திருந்தாள். எனக்கு அது வாழ்க்கை. எங்கள் அப்பா பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிற ரூமில் வேலை பார்க்கிறார். அம்மா அதே கம்பெனியில் பேக்கிங். எங்கள் சொந்தத்தில் வக்கீல் கிடையாது, வக்கீல் வீட்டு வாசலை மிதித்தவர்கூடக் கிடையாது. எங்கள் ஊருக்குள் கறுப்புக் கோட்டு வருவதே எங்கேயாவது ஒரு ரூம் வெடித்த பிறகுதான். நான் வக்கீலாகப் போகிறேன் என்று அம்மா பேக்கிங் ஷெட் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். ஆனால் பட்டம் வாங்கினால் மட்டும் வக்கீல் ஆகிவிட முடியாது. சேர்த்துக்கொள்ள ஒரு சீனியர் வேண்டும். சேர்த்துக்கொள்பவர்கள் முதலில் கேட்பது, "யாரும்மா நீ? யார் வீட்டுப் பிள்ளை?"

எங்கள் சீனியர் அதைக் கேட்கவில்லை. கிரிமினல் பக்கம் பேர் வாங்கியவர். ஜாமீன் என்றால் ராஜபாளையத்திலிருந்தும் அருப்புக்கோட்டையிலிருந்தும் அவரைத் தேடி வருவார்கள். அவரிடம் இருந்த ஜூனியர், மாஜிஸ்டிரேட் பரீட்சையில் பாஸாகிப் போய்விட்டதில் நாற்காலி ஒன்று காலியாகக் கிடந்தது. அவள் சேர்ந்த இரண்டாம் நாள் அவர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சொன்னார்: "அடுத்த வருஷம் ஒரு ஜூனியர் எடுக்கணும். ஒருத்தர்தான். ரெண்டு பேரை வச்சுத் தீனி போட நம்ம கோர்ட் தாங்காது." அவ்வளவுதான். கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார். நான் அவளைப் பார்த்தேன். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அன்றையிலிருந்து அவள் செய்கிற ஒவ்வொன்றும் என் கண்ணில் படும். அவள் வெள்ளைச் சுடிதார் அழுக்கே ஆகாது. எப்படி ஆகாது? நானும் அதே பஸ் ஸ்டாண்டு, அதே தெரு, அதே வத்தல் தூசி. என்னுடையது மத்தியானத்துக்குள் பழுப்பேறிவிடும். அவள் குமாஸ்தாவை "அண்ணா" என்று கூப்பிட்டாள். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். ஆனால் அவள் மூக்குக்காக அவர் தினமும் கீழே போய் மோர் வாங்கி வந்தார். எனக்கு வெறும் தண்ணீர்ப் பானை. "பாப்பா, இன்னைக்கு எப்பிடி இருக்கு மூக்கு?" என்று கேட்டபடிதான் அவர் உள்ளே வருவார். என் மூக்கு ஒழுங்காக இருந்தது என் துரதிர்ஷ்டம்.

ஜாமீன் தீர்ப்புகளை அவள் இங்கிலீஷில் தண்ணீராகச் சொல்வாள். நீதிபதி ஏதாவது கேட்டால் சீனியர் பின்னால் திரும்பாமலே கையை நீட்டுவார். அவள் சரியான பக்கத்தை எடுத்து அந்தக் கையில் வைப்பாள். எனக்கும் பக்கம் தெரியும். ஆனால் கை அவள் பக்கமாகத்தான் நீண்டது. நான் வெளியே வராந்தாவில் கட்டுகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, டவாலி எங்கள் கட்சிக்காரர் பெயரைக் கூப்பிடுகிறாரா என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன்.

எனக்கென்று ஒரே ஒரு பெருமை இருந்தது. போலீஸ் ஸ்டேஷன் எழுத்தர்களின் தமிழ்க் கையெழுத்து. கோழி கிளறினது போல இருக்கும் அதை நான் சரளமாக வாசிப்பேன். அவளுக்கு ஒரு வரி ஓடாது. "இது என்ன எழுத்துங்க?" என்று என்னிடம்தான் வருவாள். நான் வேண்டுமென்றே மெதுவாக, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொல்லிக் கொடுப்பேன். அவள் அதற்கும் "தேங்க்ஸ்" சொல்வாள். அந்தத் தேங்க்ஸில் ஏதாவது நக்கல் இருக்கிறதா என்று வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் உட்கார்ந்து யோசிப்பேன். இருக்காது. இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

பட்டாசுக் கேஸ் ஒன்று வரட்டும் என்று காத்துக்கொண்டிருந்தேன். அதில் இவள் என்ன கிழிக்கிறாள் பார்ப்போம் என்று. வந்தது.

ஒரு சாயங்காலம். சீனியர் உள் அறையில் வேறு ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு அக்கா, தோளில் தூங்குகிற பெண் குழந்தையோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். ஆனைக்குட்டம் பக்கம் ஒரு ஊர். எங்கள் ஊருக்கு அடுத்த பஸ் ஸ்டாப். அவர் ஊர்ப் பெயரைச் சொன்னதுமே நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

நடந்தது இதுதான். அந்த அக்கா குடியிருக்கும் லைன் வீடுகளுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. யாரோ வாடகைக்கு எடுத்து, அனுமதி இல்லாமல் அங்கே பட்டாசு செய்திருக்கிறார்கள். முந்தின நாள் காலை போலீஸும் வருவாய்த்துறை ஆட்களும் சோதனைக்கு வந்து, பாதி செய்த சரங்களையும் மருந்துச் சாக்குகளையும் பிடித்துவிட்டார்கள். கொட்டகைக்குள் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் போலீஸைக் கண்டதும் பின்பக்கமாக ஓடித் தப்பினார் என்று எஃப்.ஐ.ஆர். சொல்கிறது. ஓடியவர் இந்த அக்காவின் வீட்டுக்காரராம். அன்று மத்தியானம் அவர் ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

"அவுக அங்கன இல்லவே இல்லம்மா" என்றார் அந்த அக்கா. "விடிஞ்சும் விடியாம கெளம்பிட்டாக. மருந்து வாங்கப் போயிருந்தாக. மாசாமாசம் போறதுதான். அது தீந்துபோச்சுன்னா ஒரு நாள் தள்ள முடியாதுல்ல?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் மருந்து என்றால் வெடிமருந்துதான். அப்பா மருந்து கலக்கப் போகிறார், அத்தை மருந்து செலுத்தப் போகிறாள், மருந்து ரூமுக்குள் செருப்புப் போடக்கூடாது, மருந்துக் கையோடு பிள்ளையைத் தொடாதே: பிறந்ததிலிருந்து காதில் விழுந்த மருந்து அது. டாக்டர் கொடுப்பதை நாங்கள் மாத்திரை என்போம், ஊசி என்போம், டானிக் என்போம். அதை மருந்து என்று சொல்வதும் உண்டுதான். ஆனால் அனுமதியில்லாத பட்டாசுக் கேஸில் உட்கார்ந்துகொண்டு ஒருத்தி, என் புருஷன் மாசாமாசம் மருந்து வாங்கப் போவார், தீர்ந்துபோனால் ஒரு நாள் ஓடாது என்று சொன்னால் என் காது வேறு எங்கே போகும்?

நான் குனிந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "யக்கா, இத இங்கன சொன்னதோட விட்டுருங்க. வேற யாரு கேட்டாலும் மூச்சு விடாதீக."

அவர் முகம் வெளிறியது. "ஏம்மா, அது தப்பா?"

"பெரிய தப்புக்கா. நாங்க பாத்துக்கிடுறோம். நீங்க வாயத் தொறக்காதீக."

படித்த பிள்ளை சொல்கிறதே என்று அந்த அக்கா குழந்தையை இறுக்கிக்கொண்டு வாயை மூடிவிட்டார். அதற்குப் பிறகு எது கேட்டாலும் தலைதான் ஆடியது. குமாஸ்தா வக்காலத்தில் கையெழுத்து வாங்கி அனுப்பி வைத்தார். அவர் போனதும் இவள் கேட்டாள், "ஏங்க அவங்களை மேல பேச விடல?"

"சில விஷயம் இந்த மண்ணுல பெறந்தாத்தான் புரியும்" என்றேன். அதைச் சொன்னபோது இருந்த சுகத்தை இப்போதும் நாக்கில் உணர முடிகிறது.

சீனியருக்கு ஒரு பழக்கம். கட்சிக்காரர் பேசும்போது கூட இருக்கிறவர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் அவர் சொன்னதைத் தனித்தனியாக எழுதி வைக்க வேண்டும். மறுநாள் காலை கோர்ட்டுக்குக் கிளம்பும் முன், டீயைக் குடித்துக்கொண்டே இரண்டையும் உரக்கப் படிப்பார். நான் "சம்பவ நேரத்தில் சொந்த வேலையாக வெளியூர் சென்றிருந்தார்" என்று அழகாக எழுதியிருந்தேன். வக்கீல் மூளை என்று என்னை நானே மெச்சிக்கொண்ட வரி அது. அவர் படித்துவிட்டுத் தலையாட்டினார். அடுத்து அவளுடையதை எடுத்தார். டீ கிளாஸ் பாதி வழியில் நின்றது.

"என்னம்மா எழுதியிருக்க? மருந்து வாங்கப் போயிருந்தார்னு?"

"அப்படித்தான் சார் சொன்னாங்க."

குமாஸ்தா நெற்றியில் அடித்துக்கொண்டார். "பாப்பா, அரசாங்க வக்கீலுக்கு வேலையே வைக்க மாட்டீக போலயே! நாமளே கட்டி உள்ள அனுப்பிருவோம்."

நான் எழுந்து நின்று விளக்கினேன். மருந்து என்றால் இங்கே என்ன, அந்த அக்கா அறியாமல் எதை ஒப்புக்கொண்டார், நான் எப்படிச் சமாளித்தேன் எல்லாம். அவள் முகம் சிவந்து, கண் என்னையும் சீனியரையும் மாறி மாறிப் பார்த்தது. சீனியர் அவள் எழுதியதை நான்காக மடித்து ஓரமாக வைத்தார். என்னைப் பார்த்து, "இந்தப் பக்கத்துப் பிள்ளைங்கிறதக் காட்டிட்டம்மா" என்றார். நான்கு வருடப் படிப்பில் எந்தப் பேராசிரியர் வாயிலிருந்தும் எனக்கு அப்படி ஒரு வார்த்தை கிடைத்ததில்லை. அந்தக் காலி நாற்காலியில் என் பைலை வைத்துப் பார்க்கலாமா என்றுகூடத் தோன்றியது.

அவள் தும்மினாள். பிறகு கேட்டாள், "சார், மருந்துன்னா மருந்தாவும் இருக்கலாம்ல?"

மூன்று பேரும் சிரித்தோம். சீனியர், குமாஸ்தா, நான். நான்தான் கடைசியாக நிறுத்தினேன்.

அன்று கோர்ட்டில் சீனியர் பின்னால் நான் நின்றேன். கை என் பக்கம் நீண்டது. மத்தியானம் திரும்பி வந்தபோது அவள் ஆபீஸில் இல்லை. மூக்கு தாங்காமல் வீட்டுக்குப் போயிருப்பாள் என்று குமாஸ்தா சொன்னார். எனக்கு அது இன்னும் இனித்தது. வெளியே கோடை மழை, இடியோடு பிடித்துக்கொண்டது. நான் ஜாமீன் மனுவின் தமிழ்க் குறிப்பை உட்கார்ந்து எழுதினேன். சொந்த வேலையாக வெளியூர். எத்தனை முறை எழுதினாலும் அந்த வரி எனக்கு அலுக்கவில்லை.

விளக்குப் போடுகிற நேரத்தில் படியில் சத்தம் கேட்டது. அவள்தான். தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தாள்; வெள்ளைச் சுடிதாரில் முழங்கால்வரை கரிசல் சேறு. முதல் முறையாக அவள் உடுப்பு அழுக்காகி இருந்ததை நான் பார்த்தேன். அதுவும் அவளுக்குப் பெருமையாகவே இருந்தது. அவளுக்குப் பின்னால் அந்த அக்கா, குழந்தை. அவள் சீனியரின் மேஜையில் ஒரு சிறிய பாட்டிலை வைத்தாள். பெரியாஸ்பத்திரியில் கொடுக்கும் சிரப்.

"பாப்பாவுக்கு வலிப்பு இருக்கு சார். இதத்தான் மாசாமாசம் வாங்குறாங்க. அன்னைக்கும் அவர் காலையிலேர்ந்து இங்க ஆஸ்பத்திரி வரிசைல நின்னிருக்கார். பக்கத்துத் தெருக்காரர் ஒருத்தரும் கூட நின்னிருக்கார். சாட்சி சொல்ல வர்றேன்னு சொல்றார்."

சீனியர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "இத ஏம்மா நேத்தே சொல்லல?"

"சொல்ல வந்தேன் சார்" என்றார் அந்த அக்கா. என்னைக் காட்டிக்கொடுக்கிற எண்ணம் அவருக்கு இல்லை, ஆனால் கண் தானாக என் பக்கம் வந்துவிட்டது. "இந்தப் பிள்ளதான் பெரிய தப்பு, வாயத் தொறக்காதீகன்னு சொல்லுச்சு. வலிப்புக்கு இங்கிலீசு மருந்து குடுக்கது சட்டப்படி தப்பு போலன்னு பயந்துட்டேன்."

குமாஸ்தா இருமினார். நான் ஜாமீன் குறிப்பைப் புரட்டிக் கவிழ்த்து வைத்தேன். சீனியர் என்னைத் திட்டவில்லை. "நம்ம காதுக்கு ஒரே அர்த்தம்தான் ஆயிப்போச்சு" என்று தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார். "சொந்த வேலைன்னு போட்டுருந்தா, என்ன வேலைன்னு ஒரு கேள்வி கேப்பான் அந்தப் பக்கத்துல. நான் முழிச்சிருப்பேன். இந்த ஆளு சீசன் முடியுற வரைக்கும் உள்ளதான்." நம்ம காது என்று அவர் தன்னையும் சேர்த்துச் சொன்னது உண்மை. ஆனால் அந்த அக்காவின் வாயை அடைத்தது அவர் இல்லை. அதை அங்கே இருந்த எல்லோரும் நினைத்தார்கள், நானும் நினைத்தேன்.

அவள் மட்டும் என்னைப் பார்க்கவே இல்லை. ஜெயித்தவர்கள் ஒரு பார்வையாவது பார்ப்பார்கள். பார்த்திருந்தால் நானும் திருப்பி முறைத்திருப்பேன். அவள் அந்தக் குழந்தையின் தலையைத் தன் துப்பட்டாவால் துவட்டிக்கொண்டிருந்தாள்.

இதோடு முடிந்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். அன்று பஸ் பிடித்து வீட்டுக்குப் போனால், அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "ஏ புள்ள, ஒங்க ஆபீஸ் பிள்ள வந்துச்சே!"

எனக்குப் புரியவில்லை. அம்மா சொல்லச் சொல்லத்தான் புரிந்தது. இடி இடித்தால் பட்டாசுக் கம்பெனியில் வேலையை நிறுத்தி ஆட்களை வெளியே அனுப்பிவிடுவார்கள். அம்மா அப்படி வந்து பஸ் ஸ்டாப் கூரைக்குக் கீழே நின்றிருக்கிறாள். இவள் தெரியாமல் ஒரு ஸ்டாப் முன்னாலேயே, எங்கள் ஊரில் இறங்கிவிட்டிருக்கிறாள். இறங்கி, வழி கேட்பதற்கு அந்தக் கூட்டத்தில் அவளுக்குக் கிடைத்தது எங்கள் அம்மா. வக்கீல் ஆபீஸ் என்றதும் அம்மா விடுவாளா? வீட்டுக்குக் கூட்டி வந்து, என் துண்டைக் கொடுத்துத் தலை துவட்டச் சொல்லி, கடுங்காப்பி போட்டுக் கொடுத்து, மழை கொஞ்சம் குறைந்ததும் அடுத்த ஊர்வரை தானே நடந்து கொண்டுபோய் விட்டிருக்கிறாள்.

"எம்புட்டுத் தங்கமான பிள்ள! பெரிய எடத்துப் பிள்ள மாதிரியா இருக்கு? கீழதான் உக்காருவேன்னு உக்காந்துருச்சு. நீ ஏன் ஒரு நாளும் கூட்டியாரல?"

"என்ன பேசுனீக ரெண்டு பேரும்?"

"ஒன்னப் பத்தித்தான். அந்த ஆபீஸ்ல அந்த எடம் கெடச்சாத்தான் எம்பிள்ளைக்கு வாழ்க்கை, கெடைக்கலன்னா நாங்க எங்கன போயி யாருகிட்ட நிப்போம்னு சொன்னேன். எதுக்கு இப்பிடி மொறைக்கிற? உள்ளதத்தான சொன்னேன்?"

எனக்கு அழுகை வந்தது. கோபத்தில் வந்த அழுகை. போட்டிக்கு நிற்கிறவளிடமே போய் என் வயிற்றைத் திறந்து காட்டிவிட்டாள் அம்மா. என் துண்டு கொடியில் அவள் துவட்டிய ஈரத்தோடு கிடந்தது. நான் அதை எடுத்து வாளிக்குள் போட்டேன். மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவிடம் மருந்துக் கதையைச் சொன்னேன். எப்படியும் அவர் என் பக்கம்தான் பேசுவார் என்று தெரியும். அவர் சிரித்துவிட்டு, "நானா இருந்தாலும் அப்பிடித்தான் நெனச்சிருப்பேன்" என்றார். அலுமினியப் பொடி ஏறின அவர் கை வெள்ளியாக மின்னியது. அது எனக்கு ஆறுதலாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் எங்கள் வீட்டில் எல்லோருமே சேர்ந்துதான் தப்பாக நினைப்போம் என்பதில் என்ன ஆறுதல் இருக்கிறது?

ஜாமீன் மனு விசாரணைக்கு வந்த அன்று ஆஸ்பத்திரிச் சீட்டு, கூட நின்றவரின் பிரமாணப் பத்திரம் எல்லாம் சேர்ந்திருந்தன. அவள் உள்ளே. நான் வராந்தாவில், அந்த அக்காவோடு. நான் இரண்டு மூன்று தடவை பேச்சுக் கொடுத்தேன். அவர் மரியாதையாக "ஆமாம்மா", "சரிம்மா" என்றார். ஜாமீன் கிடைத்துவிட்டது என்று குமாஸ்தா வெளியே வந்து சொன்னதும், அவர் என்னைத் தாண்டி ஓடி, கோர்ட் கதவருகில் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவள், "நான் ஒண்ணும் பண்ணலக்கா, சார்தான்" என்றாள். அந்த 'அக்கா'வை அவள் எங்களிடமிருந்துதான் கற்றுக்கொண்டிருந்தாள். என் ஊர்க்காரர், என் அக்கா, என் கேஸ். அவள் வாயில் அந்த வார்த்தை எவ்வளவு நன்றாக இருந்தது என்பதைக்கூட என்னால் மன்னிக்க முடியவில்லை.

இன்டர்ன்ஷிப் முடிந்தபோது சீனியர் இரண்டு பேருக்கும் சான்றிதழ் கொடுத்தார். என்னுடையதில் வழக்கமான வாசகம். அவளுடையதில் இரண்டு வரி கூடுதல். மேஜைக்கு இந்தப் பக்கமிருந்து தலைகீழாகவே படித்துவிட்டேன். போலீஸ் எழுத்தையே படிக்கிறவளுக்கு அது ஒரு வேலையா?

கடைசி வருடம் முழுக்க நான் அவளோடுதான் வாழ்ந்தேன் என்று சொல்ல வேண்டும். காலையில் எழுந்ததும் அவள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ். மூட் கோர்ட் வாதப் போட்டியில் கோப்பை. ஏதோ கருத்தரங்கில் மைக் முன்னால். கறுப்புக் கோட்டில் அவளும் அவள் தோழிகளும். எனக்கு நல்ல விஷயம் எதுவும் நடந்தால்கூட, இது அவளுக்கு நடந்தால் எப்படி இருக்கும் என்றுதான் மனசு போகும். வகுப்பில் என்னோடு படித்தவர்கள் ஆளுக்கொரு சீனியரைத் தேடி அலைந்தார்கள். நான் ஒரே ஒரு இடத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன். அது அவளுக்குத்தான் போகும் என்று தெரிந்துகொண்டே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த மருந்துக்குப் பிறகு எந்தக் கிறுக்கன் என்னைக் கூப்பிடுவான்? ஆனாலும் பரீட்சை முடிந்ததும் சீனியருக்கு ஒரு மெசேஜ் அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் இல்லை.

பார் கவுன்சிலில் பதிவு செய்துவிட்டு வந்து சில வாரங்கள் வீட்டிலேயே கிடந்தேன். அம்மா ஒன்றும் கேட்பதில்லை. பேக்கிங் ஷெட்டில் அவளைக் கேட்கிறவர்களுக்கு என்ன பதில் சொல்கிறாள் என்று நானும் கேட்பதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. சீனியர் பெயர். சோப்புக் கையோடு எடுத்தேன்.

"எங்கயும் சேந்துட்டியாம்மா?"

"இல்ல சார்."

"அப்பச் சரி. இங்க வந்துரு. அந்த எடம் அப்பிடியேதான் இருக்கு."

எனக்குத் தரையில் கால் பாவவில்லை. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்துத் தலையாட்டினேன். அவள் கரண்டியோடு வாசலுக்கே வந்துவிட்டாள். நான் நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் பேசினார். நல்ல மனிதர், ஒன்றையும் மறைக்கத் தெரியாதவர்.

"ஒங்கிட்ட ஒளிக்கக் கூடாதும்மா. மொதல்ல அந்தப் பிள்ளையத்தான் கேட்டேன். வரலன்னுட்டா. 'என்னை விட அவங்களுக்குத்தான் சார் அந்த இடம் தேவை, அவங்களைக் கூப்பிடுங்க'ன்னு சொன்னா. நானும் யோசிச்சுப் பாத்தேன். சரியாத்தான் பட்டுச்சு."

தேவை. அவள் என் திறமையைச் சொல்லியிருக்கலாம். போலீஸ் கையெழுத்து வாசிப்பேன் என்றாவது சொல்லியிருக்கலாம். மற்றதையெல்லாம் அவள் என்னிடமிருந்து ஜெயித்து எடுத்துக்கொண்டாள். இந்த ஒன்றைக் கொடுத்து எடுத்துக்கொண்டாள். இனி நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்து என்ன கேஸ் ஜெயித்தாலும், முதல் ஜாமீன் வாங்கினாலும், எனக்கென்று ஒரு போர்டு மாட்டினாலும், அதற்கு அடியில் அவளுடைய பெருந்தன்மை உட்கார்ந்திருக்கும். அவளை வெறுப்பதற்குக்கூட இனி எனக்கு வழியில்லாமல் பண்ணிவிட்டாள். எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்தது. வேண்டாம் சார், யாரும் விட்டுக்கொடுத்து எனக்கு வர வேண்டாம் என்று சொல்ல வேண்டும். சொற்கள் முழுதாக, வரிசையாக நாக்கில் வந்து நின்றன.

அம்மா கரண்டியைப் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்ப சார் வரட்டும்?" என்று கேட்டேன்.